உளி பிடித்த இடது கை

1918-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர், அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறைக்காக ஓர் ஆய்வு செய்ய இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டு ஊருக்குப் போனார். சுற்றுவட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் குவாரிகள். வெட்டியெடுத்த கல்லைத் தூணாகவும் கொடுங்கையாகவும் செதுக்கித் தரும் பட்டறைகளில்தான் ஊரின் பிழைப்பு ஓடியது. பின்னாளில் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு மேற்போர்வையாகப் போனதும் இந்த வட்டாரத்துக் கல்தான்.

கல் தச்சர்களிடம் ஒரு விசித்திரமான புகார் இருந்தது. குளிரான காலை வேளைகளில் விரல்கள் செத்துப்போகின்றன என்றார்கள். நுனியிலிருந்து தொடங்கி, ஒன்று அல்லது இரண்டு கணு வரைக்கும் விரல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். வெளுப்பு மங்கி மங்கித் தோலின் இயல்பான நிறத்தோடு கலப்பதில்லை. இங்கே வெள்ளை, இங்கே சிவப்பு என்று பேனாவால் கோடு கிழிக்கலாம். எல்லை அவ்வளவு துல்லியம். வெளுத்த பகுதியில் ஊசியால் குத்தினாலும் உறைக்காது. கையை உதறி, தேய்த்து, அக்குளில் செருகிச் சூடேற்றினால் கொஞ்ச நேரத்தில் ரத்தம் திரும்பும். திரும்பும்போதுதான் வலி.

ஹாமில்டன் நேராகப் போய் வேலையைப் பார்த்தார். அழுத்தப்பட்ட காற்றால் ஓடும் சுத்தியல் வலது கையில். அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை உளியின் தலையில் அடிக்கிறது. உளியைக் கல்லின் மேல் நிறுத்தி, நகர்த்தி, திசை காட்டுவது இடது கை. ஆகவே அடிக்கும் கையைவிட உளி பிடித்த கைக்கே அதிர்வு நேரடியாகப் போகிறது. பாதிப்பும் இடது கையில்தான் கூடுதல். உளி நழுவாமலிருக்க விரல்களை இறுக்கியே வைத்திருக்க வேண்டும். பிடி இறுக இறுக, அதிர்வு கைக்குள் ஏறுவதும் கூடும். இது போதாதென்று சுத்தியலிலிருந்து வெளியேறும் காற்று விரிந்து குளிர்ந்து விரல் மேலேயே வீசும். அதிர்வு, இறுக்கம், குளிர் என்ற மூன்றையும் ஹாமில்டன் சேர்த்தே பிடித்தார். பெட்ஃபோர்டில் அவர் பார்த்த காற்றுச் சுத்தியல்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு இந்தக் கோளாறு இருந்தது. வேறு சில மாநிலங்களின் கிரானைட், பளிங்குப் பட்டறைகளையும் போய்ப் பார்த்து ஒப்பிட்டுத்தான் அறிக்கை எழுதினார்.

(அடுத்த ஆண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஹாமில்டனைத் தன் முதல் பெண் ஆசிரியராக நியமித்தது. பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் நடக்கக் கூடாது, கால்பந்துப் போட்டிக்கான டிக்கெட் ஒதுக்கீட்டில் பங்கு கேட்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள் வேறு. அவர் 101 வயது வரை வாழ்ந்தார்.)

விரல் வெளுப்பது மருத்துவத்துக்குப் புதிதல்ல. மாரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-இலேயே அதை விவரித்திருந்தார். இன்றும் அவர் பெயரால்தான் அது அழைக்கப்படுகிறது. காற்றுக் கருவி பிடிக்கும் தொழிலாளிகளுக்கு அது வருவதை இத்தாலியின் ஜொவானி லோரிகா 1911-இல் பதிவு செய்திருந்தார். ஆனால் எந்தக் கருவி, எந்தக் கை, எந்த விரல், எவ்வளவு பேர் என்று ஒரு தொழிலையே உட்கார்ந்து பார்த்து எழுதியதில் ஹாமில்டனின் அறிக்கை தனி.

விரலுக்குள் நடப்பது என்ன? ஒவ்வொரு விரலின் இரு பக்கமும் ஒரு தமனி ஓடுகிறது. அதன் சுவரில் தசை இருக்கிறது. குளிர் பட்டவுடன் பரிவு நரம்புகள் நார்அட்ரினலினைச் சுரக்க, அந்தத் தசை சுருங்கி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உடலின் சூடு விரல் வழியே வீணாகாமலிருக்க இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு இது. எல்லோருக்கும் நடப்பதுதான். பல ஆண்டுகள் அதிர்வு வாங்கிய விரலில் இந்த ஏற்பாடு கெட்டுப்போகிறது. நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்தி வைக்கும் வேலையைச் செய்வது தமனியின் உட்படலம்; அது சேதமாகிறது. தசைச் சுவரோ தடிக்கிறது. 1980-களில் ஜப்பானிய மருத்துவர்கள் பாதிக்கப்பட்ட விரல்களிலிருந்து திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, தமனிச் சுவரின் தசை தடித்திருப்பதும், நரம்பைச் சுற்றிய உறை உரிந்திருப்பதும், இடையிடையே நார்த்திசு மண்டியிருப்பதும் தெரிந்தன. உட்பக்கம் குறுகிய இப்படிப்பட்ட குழாய், குளிர் பட்டதும் அளவோடு சுருங்காமல் அடியோடு மூடிக்கொள்கிறது. ரத்தமில்லாத விரல் வெளுக்கிறது. தேங்கிய ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்தால் நீலம் பாய்கிறது. குழாய் திறக்கும்போது சிவந்து, விண்விண்ணென்று தெறிக்கிறது.

விரல்தான் குளிர வேண்டும் என்பதில்லை. உடம்பு மொத்தமாகக் குளிர்ந்தாலே போதும். ஈரச் சட்டையோடு அதிகாலையில் வண்டியில் போகும்போது வெளுக்கும். கருவியைப் பிடித்திருக்கும்போது வெளுக்க வேண்டுமென்ற கட்டாயம் கிடையாது. இதனால்தான் தொழிலாளிக்கே வேலைக்கும் விரலுக்கும் உள்ள தொடர்பு எளிதில் பிடிபடுவதில்லை.

வெளுப்பு கண்ணுக்குத் தெரிவது. நரம்புச் சேதம் தெரியாது. என் கணிப்பில் அதுதான் பெரிய இழப்பு. விரல் நுனித் தோலுக்கடியில் பசீனியன் என்ற நுண்ணுறுப்புகள் இருக்கின்றன, வெங்காயம்போல் அடுக்கடுக்காக. விநாடிக்கு 250 அதிர்வு, அதாவது 250 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அவற்றின் கூர்மை உச்சம். ஒரு மைக்ரானுக்கும் குறைவான அசைவைக்கூட உணர்ந்துவிடும். இவ்வளவு நுட்பமான உறுப்பின் மேல் மணிக்கணக்கில் சுத்தியலடியை இறக்கினால் அது தற்காலிகமாக மழுங்கும். வெகுதூரம் மோட்டார் சைக்கிள் ஓட்டி இறங்கியதும் உள்ளங்கையில் சிறிது நேரம் எறும்பு ஊர்வதுபோல் இருக்குமே, அதன் கடுமையான வடிவம். மாலையில் மரத்துப்போய், காலையில் சரியாகிவிடும். ஆண்டுகள் போகப் போகக் காலையிலும் சரியாகாது. சட்டைப் பொத்தான் போட முடியாது. பையில் கைவிட்டால் ஐந்து ரூபாய் நாணயம் எது, ஒரு ரூபாய் எது என்று விரல் சொல்லாது. சிறு ஆணியையோ திருகையோ எடுத்தால் விழுந்துவிடும். இரவில் கை மரத்து விழிப்பு வரும். மணிக்கட்டில் நடு நரம்பு நசுங்கும் கார்ப்பல் டனல் கோளாறும் இவர்களுக்கு அடிக்கடி சேர்ந்துகொள்கிறது.

எல்லா அதிர்வும் ஒரே இடத்தில் தங்குவதில்லை. வேகம் குறைந்த அதிர்வு கை வழியே ஏறி முழங்கை, தோள் வரை போகும். 100 ஹெர்ட்ஸைத் தாண்டினால் பெரும்பாலும் கையோடு நின்றுவிடும். இன்னும் வேகமானால் கருவியைத் தொடும் விரல்களே மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆங்கிள் கிரைண்டர் பிடிப்பவருக்கும் ரோடு உடைக்கும் பிரேக்கர் பிடிப்பவருக்கும் வலி வேறு வேறு இடத்தில் வருவதற்குக் காரணம் இதுதான்.

1978-இல் அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று மறுபடி பெட்ஃபோர்டுக்குப் போனது. ஹாமில்டன் வந்துபோய் 60 ஆண்டுகள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, மனிதன் நிலவில் நடந்து திரும்பியும் ஆகிவிட்டது. பெட்ஃபோர்டின் கல் பட்டறைகளில் அதே வகைக் காற்றுச் சுத்தியல், அதே உளி, அதே இடது கை. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 80 சதவீதம். நோய்க்குக் காரணம் தெரியாத 60 ஆண்டுகள் அல்ல அவை. அரசு அச்சிட்ட அறிக்கை நூலகத்தில் இருந்தது. தெரிந்துகொள்வதால் மட்டும் ஒரு விரல்கூடப் பிழைக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

கிட்டத்தட்ட அதே காலத்தில் ஃபின்லாந்துக் காடுகளில் வேறு கதை நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மரம் வெட்டும் தொழிலில் கோடரியின் இடத்தை மோட்டார் ரம்பம் பிடித்தது. தொடக்கக் கால ரம்பங்களில் கைப்பிடி நேராக என்ஜினோடு திருகப்பட்டிருக்கும். வடக்கு நாடுகளின் குளிரும் சேர, 1960-களில் மரம் வெட்டுவோரின் விரல்கள் கூட்டம் கூட்டமாக வெளுக்கத் தொடங்கின. ஜப்பானிய வனத் தொழிலாளிகளுக்கும் இதே கதிதான். அங்கே ஒருவர் நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் ரம்பம் பிடிக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். ரம்பம் செய்யும் நிறுவனங்கள் கைப்பிடிச் சட்டத்தை என்ஜினிலிருந்து பிரித்து, நடுவே ரப்பர்க் கட்டைகளும் பின்னர் சுருள்வில்லும் வைத்தன. கைப்பிடிக்குள் சூடேற்றும் கம்பியும் வந்தது.

ஃபின்லாந்தின் சுவோமுஸ்ஸால்மி வட்டாரத்து வனத் தொழிலாளிகளை மருத்துவர்கள் 1972 முதல் 1990 வரை தொடர்ந்து பரிசோதித்தார்கள். இந்தக் காலத்தில் ரம்பத்தின் அதிர்வு முடுக்கம் 14-இலிருந்து சுமார் 2 மீட்டர்/விநாடி² ஆகக் குறைந்தது. வெள்ளை விரல் உள்ளவர்கள் 40 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தார்கள். மருந்தால் வந்த பலன் அல்ல இது. கைக்கு எட்டும் அதிர்வு குறைந்ததன் பலன். ஆனால் கை மரத்துப்போவதாகச் சொன்னவர்கள் 78 சதவீதத்திலிருந்து 28 சதவீதத்துக்குத்தான் இறங்கினார்கள். ரத்தக்குழாய் மன்னிக்கிற அளவுக்கு நரம்பு மன்னிப்பதில்லை. வேலையை ஆரம்பக் கட்டத்திலேயே விட்டவர்களுக்கு வெளுப்பு சில ஆண்டுகளில் குறையக்கூடும். மரத்த விரல் பெரும்பாலும் அப்படியே இருந்துவிடுகிறது. ரத்தக்குழாயைத் தளர்த்தும் மாத்திரைகள் உண்டு, பலன் சுமார்தான். புகைபிடிப்பதை நிறுத்துவது அதைவிட உதவும். நிகோட்டினும் அதே தமனிகளைத்தான் சுருக்குகிறது.

சரி, எவ்வளவு அதிர்வு அதிகம்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, கடினமானதல்ல. கருவியின் அதிர்வை முடுக்கமாக அளக்கிறார்கள். ஒரு நாளில் அதைப் பிடித்த நேரத்தையும் சேர்த்து, 8 மணி நேரத்துக்குச் சமமான ஓர் எண்ணாக மாற்றுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு ஆணைப்படி அந்த எண் 2.5 மீட்டர்/விநாடி²-ஐத் தொட்டால் முதலாளி நடவடிக்கையில் இறங்க வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. சூட்சுமம் என்னவென்றால், முடுக்கம் வர்க்கத்தில் வேலை செய்கிறது. கருவியின் அதிர்வு இரண்டு மடங்கானால், அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகாது, கால்வாசியாகும். அதிர்வு 5 உள்ள கருவி 2 மணி நேரத்தில் 2.5 என்ற அளவைத் தொடும். 10 உள்ள கருவி அரை மணி நேரத்தில் தொட்டுவிடும். 2 மணி நேரத்தில் உச்ச வரம்பு. ரோடு உடைக்கும் பிரேக்கர் 12 என்று வைத்துக்கொண்டால் 21 நிமிடத்தில் முதல் கோடு, ஏறத்தாழ 83 நிமிடத்தில் இரண்டாவது.

இங்கே நேரம் என்பது விசை அழுத்தியிருந்த நேரம் மட்டும். காலை முதல் மாலை வரை பிரேக்கர்தான் பிடித்தேன் என்பவர் உண்மையில் விசையை அழுத்தியிருந்தது ஒன்றரை மணி நேரமாக இருக்கலாம். கேட்டால் எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள். பக்கத்தில் நின்று கடிகாரம் பார்த்தால்தான் தெரியும்.

2.5 என்பது பத்திரமான எல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கை அதிர்வை அளக்கும் சர்வதேசத் தர விதியின் பின்னிணைப்பில் ஒரு சூத்திரம் இருக்கிறது: நாள்தோறும் இவ்வளவு அதிர்வு வாங்கினால் ஒரு குழுவில் பத்தில் ஒருவருக்கு விரல் வெளுக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று அது மதிப்பிடுகிறது. 2.5-க்குச் சுமார் 12 ஆண்டு. 5-க்கு ஆறு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. 10-க்கு மூன்று ஆண்டுக்குள். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கையுறை போட்டால் போதாதா என்று யாரும் கேட்கலாம். அதிர்வு தடுக்கும் கையுறை என்றே விற்கிறார்கள். அதிலுள்ள ஜெல்லும் நுரையும் வேகமான அதிர்வைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். பிரேக்கர், ராக் டிரில் போன்ற கருவிகளின் அடியெல்லாம் வேகம் குறைந்த அதிர்வு. அதைக் கையுறை ஏறக்குறைய முழுசாக உள்ளே விட்டுவிடும். தடித்த கையுறைக்குள் பிடி சரியாகக் கிடைக்காமல் இன்னும் இறுக்கிப் பிடிப்பதும் உண்டு. கையைச் சூடாக வைக்கவும் காயத்தைத் தவிர்க்கவும் கையுறை நல்லது. அதற்கு மேல் நம்பக் கூடாது. கருவியை மாற்று, நேரத்தைக் குறை, உளியைத் தீட்டு, தாங்கியில் தொங்கவிடு என்ற வரிசையெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வர வேண்டியது அது. நடைமுறையில் முதலில் வருவதும் அதுவே, விலை குறைவு என்பதால்.

விலை என்றால் பிரிட்டன் கொடுத்த விலையைச் சொல்ல வேண்டும். அங்கே அதிர்வு வெள்ளை விரல் இழப்பீட்டுக்குரிய தொழில் நோயாக 1985-இல்தான் ஏற்கப்பட்டது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் நீதிமன்றம் போய் வென்றபின், 1999-இல் தனி இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. சுமார் 1,70,000 பேர் விண்ணப்பித்தார்கள். வழங்கிய தொகை 100 கோடி பவுண்டைத் தாண்டியது. சுரங்கங்களோ அதற்குள் பெரும்பாலும் மூடியாகிவிட்டன.

இந்த நோயை நிரூபிப்பதிலும் ஒரு சிக்கல். மருத்துவரின் அறை கதகதப்பாக இருக்கும்; அங்கே விரல் சாதாரணமாகத்தான் தெரியும். அதனால் எந்த விரல், எந்தக் கணு வரை என்று கேட்டு மதிப்பெண் போடும் முறை ஒன்று வைத்திருக்கிறார்கள். நுனிக் கணுவுக்கு 1, நடுக் கணுவுக்கு 2, அடிக் கணுவுக்கு 3. கட்டைவிரலின் இரண்டு கணுவுக்கு 4, 5. ஒரு கை முழுக்க வெளுத்தால் 33. இப்போது சுலபமான வழியும் வந்துவிட்டது: வெளுக்கும் நேரத்தில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள்.

வெப்ப நாடுகளில் இந்தப் படம்கூடக் கிடைக்காது. மலேசியக் கட்டுமானத் தொழிலாளிகளைப் பரிசோதித்த ஆய்வில் வெள்ளை விரல் தென்படவில்லை. மரத்துப்போவதும் கூச்சமும் விரல் சில்லிட்டுப்போவதும் இருந்தன. தமிழ்நாட்டு வெயிலிலும் அப்படித்தான் எதிர்பார்க்க வேண்டும். கோவை ஃபவுண்டரிகளில் வார்ப்புகளின் பிசிறு தட்டுபவர்கள், மாமல்லபுரத்தில் கிரைண்டர் வைத்துக் கல் இழைப்பவர்கள், நடுரோட்டில் பிரேக்கர் பிடிப்பவர்கள் யாருக்கும் விரல் வெளுத்துக் காட்டிக்கொடுக்காமல் நரம்பு மட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கலாம்.

கை மரத்துப்போகிறது என்று போனால் நம் ஊரில் முதலில் சர்க்கரை பார்க்கச் சொல்வார்கள். பார்க்க வேண்டியதுதான். அடுத்த கேள்வியில்தான் தடம் தவறுகிறது.

“என்ன வேலை பார்க்கிறீங்க?”

“கட்டட வேலைங்க, டாக்டர்.”

அதோடு முடிந்துவிடும். கட்டட வேலைக்குள் கொத்தனார் உண்டு, கம்பி கட்டுபவர் உண்டு, நாள் முழுக்கச் சுவர் பிளக்கும் எலெக்ட்ரீஷியன் உண்டு. என்ன மெஷின் பிடிக்கிறீங்க, தினமும் எவ்வளவு நேரம், எத்தனை வருஷமா என்று இன்னும் மூன்று கேள்வி கேட்டால் விஷயம் வெளியே வரும். கேட்கப்படாவிட்டால் தொழிலாளியே சொல்லிவிடுவது நல்லது. வேலை முடிந்து அரை மணி நேரம் கழித்தும் கை மரத்தே இருந்தால், அதையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு போகலாம்.

கருவி வாங்குபவர் பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு. நல்ல நிறுவனங்களின் பவர் டூல் கையேட்டில், சத்தத்தின் அளவுக்குப் பக்கத்திலேயே அதிர்வு மதிப்பும் மீட்டர்/விநாடி² கணக்கில் அச்சிட்டிருக்கும். கூடவே இவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று இன்னொரு சிறிய எண். ஒரே வேலைக்கான இரண்டு மாடல்களில் ஒன்றுக்கு 8, இன்னொன்றுக்கு 16 என்றிருந்தால் இரண்டாவதைப் பிடிக்கக்கூடிய நேரம் கால்வாசிதான் என்பதை மேலே போட்ட கணக்கே சொல்லிவிடும். வாடகைக்கு எடுக்கும் மெஷினோடு கையேடு வருவதில்லை. மாடல் எண்ணைப் பார்த்துத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் தேடிக்கொள்ளலாம். அது சோதனைக்கூடத்தில் புது மெஷினில் அளந்த எண் என்பது நினைவிருக்கட்டும். மழுங்கிய உளியும் தேய்ந்த தாங்கியும் உள்ள பழைய மெஷின் அதைவிட நிறையவே அதிரும். அதனால் அச்சிட்ட எண்ணை ஒன்றரை மடங்காக வைத்துக் கணக்குப் போடுவது உத்தமம், மெஷின் ரொம்பப் பழசென்றால் இரண்டு மடங்காக.